கிளையைத் திருப்பிப் பாருங்கள்: பிளவுச்செவுள் காளானை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

முதல்முறை பார்த்தபோது இது காளான் என்றே எனக்குத் தோன்றவில்லை. காய்ந்து விழுந்த கிளையொன்றில், பழைய கம்பளியைக் கத்தரித்து ஒட்டியதுபோல வெளுத்த துணுக்குகள் வரிசையாக இருந்தன. பறவை எச்சமாக இருக்கும் என்று தாண்டிப் போய்விட்டேன். இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த பிறகு அதே வழியில் வந்தால், அந்தத் துணுக்குகள் குட்டி விசிறிகளாக விரிந்து நிற்கின்றன. குனிந்து ஒன்றின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அன்றைக்குப் போக வேண்டிய வேலைக்கு நான் போகவில்லை.

அதன் அறிவியல் பெயர் சைசோஃபில்லம் கம்யூன். கிரேக்கத்தில் 'சைசோ' என்றால் பிளந்தது, 'ஃபில்லான்' என்றால் இலை. 'கம்யூன்' என்ற இலத்தீன் சொல்லுக்குப் பொதுவாகக் கிடைப்பது என்று பொருள். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலர் எலியாஸ் ஃப்ரீஸ் 1815-இல் வைத்த பெயர் இது. இரண்டு சொல்லும் அப்படியே பொருந்தும். அடிப்பக்கத்து மடிப்புகள் நீளவாக்கில் பிளந்திருக்கும். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இது கிடைக்கும். தமிழில் இதைப் பிளவுச்செவுள் காளான் என்று சொல்லிக்கொள்ளலாம். குடைக்காளானின் அடியில் மீன் செவுள்போல வரிவரியாக இருப்பதைத்தான் செவுள் என்கிறோம்.

காளான் பார்க்கப் பழக விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். நல்ல குடைக்காளான்கள் இரண்டு மூன்று நாளில் அழுகிப்போகும். நாம் போகும் நாளில் அவை இருக்காது. இது அப்படியில்லை. வெயிலில் சுருண்டு, மழையில் விரிந்து, மாதக்கணக்கில் அதே கிளையில் இருக்கும். இன்று தவறவிட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம்.

கையில் என்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கைலென்ஸ். சிறு பேனாக்கத்தி. பழைய தபால் உறைகள் நாலைந்து. பென்சில், ஏனென்றால் பேனா மை ஈரத்தில் ஊறிவிடும். தண்ணீர் தெளிக்கும் சிறு குப்பி. படம் எடுக்கக் கைப்பேசி. இவ்வளவு போதும்.

பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம். ஒருமுறை நாலைந்து மாதிரிகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையிலேயே மறந்துவிட்டேன். மறுநாள் பிரித்தபோது காளானைக் காணோம். அதன்மேல் பச்சைப் பூசணம்தான் செழிப்பாக இருந்தது.

எங்கே தேடுவது

காளான் என்றதும் எல்லோரும் இருண்ட, ஈரமான, பாசி படிந்த இடத்தைத் தேடிப் போவார்கள். இதற்கு அது சரிவராது. வெளிச்சம் படுகிற இடத்தில் தேடுங்கள்: காட்டின் ஓரம், பாதையோரம், தோப்பில் வெட்டி அடுக்கிய விறகு, காற்றில் முறிந்து புதர்மேல் தொங்கும் கிளை. கிளை தரையில் முழுதாகப் படியாமல் கொஞ்சம் தூக்கலாகக் கிடந்தால் இன்னும் நல்லது. பென்சில் பருமனிலிருந்து கைப்பருமன் வரையுள்ள கிளைகளில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மரம் வன்மரமாக இருக்க வேண்டும். அதாவது பைன்போல ஊசியிலை கொண்டவை அல்லாத, அகன்ற இலை மரங்கள். மா, ரப்பர், ஓக், பீச் எல்லாவற்றிலும் வரும். ஊசியிலை மரத்திலும் எப்போதாவது தலைகாட்டும். ஆனால் தேடிப் போகிறவர் அதை நம்பிப் போக வேண்டியதில்லை.

கிளையின் வயதும் முக்கியம். இது இறந்த மரத்தில் முதலில் குடியேறுகிற கூட்டத்தைச் சேர்ந்தது. பட்டை இன்னும் உரியாமல், நகத்தால் அழுத்தினால் இறங்காத அளவு கெட்டியாக இருக்கும் கிளைதான் இதற்குரிய கிளை. மரம் பஞ்சுபோல ஆகி, கையில் எடுத்தால் உதிர்கிறதா? அங்கே இதன் காலம் முடிந்து வேறு பூஞ்சைகள் வந்திருக்கும். அடுத்த கிளைக்குப் போய்விடுங்கள். 2010-இல் இதன் மரபணுத்தொகுதியை முழுமையாகப் படித்தபோது, மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னினைச் சிதைக்க மற்ற வெண்ணழுகல் பூஞ்சைகள் (மரத்தை வெளுக்கவைத்து மட்கச் செய்பவை) வைத்திருக்கும் பெராக்சிடேஸ் நொதிகளுக்கான மரபணுக்கள் இதனிடம் இல்லை என்று தெரியவந்தது. கடினமான வேலையைப் பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுவிட்டு, எளிதில் கிடைப்பதை முதலில் எடுத்துக்கொள்கிற சாமர்த்தியசாலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உயிரோடு நிற்கும் மரத்தில் பார்த்தாலும் வியக்க வேண்டாம். வெட்டுக்காயம் பட்ட இடம், வெயில் சுட்டுப் பட்டை செத்த இடம் ஆகியவற்றில் வரும். அந்தத் துண்டு மரம் ஏற்கெனவே செத்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். ஐரோப்பாவில் பிளாஸ்டிக் தாள் சுற்றி வைத்த தீவனப்புல் உருளைகளைக்கூட இது விட்டுவைப்பதில்லை. தாளைக் கிழித்துக்கொண்டு வெளியே விசிறி விரிக்கும்.

மழை ஓய்ந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் போனால் விரிந்த நிலையில் பார்க்கலாம். கடும் வெயில் நாளில் போனாலும் கிடைக்கும், ஆனால் சுருண்டிருக்கும். அந்த நிலையையும் ஒருமுறை பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். பாதிப்பேர் இதைத் தவறவிடுவது அதனால்தான்.

கிளையைப் புரட்டும் முறை

கீழே கிடக்கும் கிளையின் அடியில் தேள், பூரான், பாம்பு எதுவும் இருக்கலாம். கையை அடியில் நுழைக்காதீர்கள். முதலில் ஒரு குச்சியால் தட்டுங்கள். பிறகு கிளையின் தொலைவிலுள்ள பக்கம் உயரும்படி உங்களை நோக்கிச் சாய்த்துப் புரட்டுங்கள். அப்போது உங்களுக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவே கிளை இருக்கும். ஓடுகிறது அந்தப்பக்கமாக ஓடும். பார்த்து முடித்ததும் கிளையைக் கிடந்தபடியே திருப்பி வையுங்கள். அடியில் ஒரு குடும்பமே குடியிருக்கும்.

பாதுகாக்கப்பட்ட காடு என்றால் ஒரு துணுக்கைக்கூட அனுமதியில்லாமல் எடுக்க வேண்டாம். தனியார் தோப்பு என்றால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மேற்பக்கம்

விசிறி பெரும்பாலும் 1 முதல் 4 செ.மீ. அகலம் இருக்கும். காம்பு கிடையாது, அல்லது இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்குக் குட்டையாக இருக்கும். ஒரு முனையில் மரத்தோடு ஒட்டி, அங்கிருந்து சிப்பிபோல விரியும். மேலே வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் அடர்ந்த ரோமம். விரலால் தடவினால் கம்பளித் துணிபோலச் சொரசொரப்பு. சதை மெல்லியது, ஆனால் தோல்போல உறுதியானது. கிள்ளினால் மற்றக் காளான்போல 'பொளக்' என்று உடையாது. பழையதாக இருந்தால் ரோமத்தில் பாசி படிந்து பச்சையாகத் தெரியும்.

மிக இளசாக இருக்கும்போது விசிறி வடிவமே வந்திருக்காது. வெள்ளை ரோமம் போர்த்திய, கடுகளவு கிண்ணங்களாக இருக்கும். பக்கத்தில் வளர்ந்தவை இருந்தால்தான் அவை இன்னவை என்று சொல்ல முடியும்.

மேற்பக்கத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியாது. நான் சொல்லி ஏமாந்திருக்கிறேன். மேலிருந்து எடுத்த அழகான படம் ஒன்றை வைத்துக்கொண்டு இதுதான் என்று நண்பரிடம் அடித்துப் பேசினேன். அவர் அமைதியாக அடிப்பக்கப் படம் ஒன்று கேட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால் செவுளே இல்லை, ஊசி குத்தினாற்போல நுண்துளைகள்! டிராமெடீஸ் வகைக் காளான் அது.

அடிப்பக்கம்: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

கத்தியின் நுனியால் ஒரே ஒரு விசிறியை, ஒட்டிய இடத்தோடு சேர்த்துப் பெயர்த்தெடுங்கள். கவிழ்த்துப் பிடியுங்கள். ஒட்டிய முனையிலிருந்து விசிறிக் கம்பிகள்போல மடிப்புகள் விளிம்புவரை ஓடும். நிறம் வெளிர் இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்தது, சில நேரம் மங்கிய பழுப்பு.

இப்போது லென்ஸ். புதிதாக வருகிறவர்கள் லென்ஸைக் காளானின் மேல் பிடித்துக்கொண்டு தலையைத் தள்ளி வைத்துப் பார்ப்பார்கள், ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடியுங்கள். காளானை மெல்ல மெல்லக் கண்ணை நோக்கிக் கொண்டுவாருங்கள். முகத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை தூரத்தில் சட்டென்று தெளிவாகும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும்.

ஒரு செவுளின் விளிம்பைப் பாருங்கள். சாதாரணக் காளானில் அது கத்தியின் வாய்போல ஒற்றைக் கோடாக இருக்கும். இதில் அந்த விளிம்பு நீளவாக்கில் பிளந்து, இரண்டு உதடுகளாக நிற்கும். நடுவே மெல்லிய பள்ளம் ஓடும். ஒரு புத்தகத்தை முதுகு மேலே ஒட்டியிருக்க, பக்கங்கள் கீழே தொங்கும்படி பிடித்து, நடுவில் லேசாகத் திறந்தால் எப்படியிருக்கும்? அப்படி. இந்தப் பிளவைத் தெளிவாகப் பார்த்துவிட்டால் அடையாளம் பெரும்பாலும் முடிந்தது.

இவற்றைச் செவுள் என்று வசதிக்காகச் சொல்கிறோமே தவிர, உண்மையில் இவை மற்றக் காளான்களின் செவுள்களோடு பிறப்பால் ஒன்றல்ல. கிண்ணம் போன்ற பல சிறு காளான்கள் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி வளர்ந்து ஒட்டிக்கொண்டதுதான் ஒரு விசிறி. பக்கத்துப் பக்கத்துக் கிண்ணங்களின் சுவர்கள் முதுகோடு முதுகு சேரும் இடம்தான் நமக்குப் பிளந்த செவுளாகத் தெரிகிறது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், இளசில் கடுகுக் கிண்ணமாக இருந்தது ஏன் என்பதும் விளங்கும்.

தண்ணீர்ச் சோதனை

வீட்டிலேயே செய்யக்கூடியது. நான் ஒவ்வொரு தடவையும் செய்கிறேன், இன்னும் சலிக்கவில்லை.

நன்றாகக் காய்ந்து சுருண்ட விசிறி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். பிளந்த இரண்டு உதடுகளும் வெளிப்பக்கமாகச் சுருண்டு, பக்கத்துச் செவுளின் உதட்டோடு மோதிக்கொண்டிருக்கும். உள்ளே இருந்த ரோமம் வெளியே தெரியும். ஸ்போர்களை உண்டாக்கும் மேற்பரப்பு முழுக்க உள்ளே மூடிக் கிடக்கும். ஸ்போர் என்பது காளானின் விதைத்தூள். வெயில் நேரத்தில் அது உலர்ந்துபோகாமல் இருக்கக் காளான் செய்துகொள்ளும் ஏற்பாடு இது.

மூடியுள்ள ஒரு சிறு டப்பாவில் நனைத்துப் பிழிந்த மெல்லிய காகிதத்தை விரித்து, விசிறியை அடிப்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். தண்ணீரில் மூழ்கடிக்க வேண்டாம். ரோமமெல்லாம் அப்பிக்கொண்டு ஒன்றும் பார்க்க முடியாது. வெந்நீர் கூடவே கூடாது. மூடிவிட்டு அரை மணிக்கொரு தரம் திறந்து பாருங்கள். முதலில் நிறம் கறுக்கும். பிறகு சுருள் தளரும். சில மணி நேரத்தில் உதடுகள் நிமிர்ந்து, ஒன்றையொன்று நெருங்கி, நடுவில் அந்த மெல்லிய பள்ளம் மட்டும் மிஞ்சும். கைப்பேசியை அசையாமல் நிறுத்தி 30 விநாடிக்கு ஒரு படம் என்று எடுத்துச் சேர்த்தால், பூ விரிவதுபோல இருக்கும். அப்படிச் செய்யும்போது மட்டும் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அவ்வப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்.

மீண்டும் வெளியே எடுத்து வைத்தால் மீண்டும் சுருளும். எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்து பாருங்கள். இந்த விஷயத்தில் காளான் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கனடாவில் பணியாற்றிய காளான் ஆய்வாளர் ரெஜினால்ட் புல்லர் சோதித்திருக்கிறார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காய்ந்த விசிறிகளைக் காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்களில் அடைத்து வைத்தார். அவர் 1944-இல் காலமானார். அடைத்து ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆனபின் ஒரு குழாயைத் திறந்து ஈரப்படுத்தினார்கள். விசிறி விரிந்தது, ஸ்போர்களையும் உதிர்த்தது.

ஸ்போர்ப் படிவு எடுப்பது

விரிந்த விசிறியை, செவுள் கீழே இருக்கும்படி, ஒரு கறுப்புக் காகிதத்தின்மேல் வையுங்கள். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடுங்கள். மறுநாள் காலை மெல்லத் தூக்குங்கள். செவுள் வரிகள் வெண்மையாகப் படிந்திருக்கும். வெள்ளைக் காகிதத்தில் வைத்து "ஒன்றுமே விழவில்லை" என்று நான் இரண்டு முறை தூக்கி எறிந்திருக்கிறேன், விழுந்ததுதான், தெரியவில்லை.

அந்த வெள்ளைத் தூளில் ஒரு வேடிக்கை உண்டு. நமக்கு ஆண், பெண் என்று இரண்டு. இந்தக் காளானில் இனச்சேர்க்கை வகைகள் 23,000-க்கும் மேல். வெவ்வேறு இடத்திலிருந்து வந்த இரண்டு ஸ்போர்கள் முளைத்துச் சந்தித்தால், அவை சேர்வதற்குத் தடை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இவ்வளவு பரவலாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

எவற்றோடு குழம்புவோம்

மேலே சொன்ன டிராமெடீஸ் முதல் சந்தேகப் பேர்வழி. பல நிற வளையங்களோடு விசிறியாக இருக்கும், அடியில் நுண்துளைகள். ஸ்டீரியம் என்ற இன்னொரு மரக்காளானின் அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும், செவுளும் இல்லை, துளையும் இல்லை. இவை இரண்டும் புரட்டிய மாத்திரத்தில் ஒதுங்கிவிடும்.

செவுள் உள்ளவைதான் கொஞ்சம் பாடு. கிரெபிடோடஸ் என்ற சிறு சிப்பிக் காளான் அதே மாதிரிக் கிளைகளில், அதே அளவில் வரும். ஆனால் சதை மெதுவானது, விரலில் நசுங்கும். ஸ்போர்ப் படிவு பழுப்பு. பனெல்லஸ் ஸ்டிப்டிகஸ் தேன்நிறத்தில், பக்கவாட்டில் ஒரு குட்டைக் காம்போடு இருக்கும். அதில் சில இருட்டில் ஒளிரும் என்பதால் ஆசையாகத் தேடுகிறவர்கள் உண்டு. லென்சைட்டிஸ் இதைவிடப் பெரியது, தடிமனான, கட்டைபோன்ற செவுள்கள். இவற்றில் எதிலும் செவுளின் விளிம்பு பிளந்திருக்காது. சந்தேகம் வந்தால் திரும்பத் திரும்ப அந்த விளிம்புக்கே போங்கள்.

குறித்துவைப்பது

உறையின்மேல் அங்கேயே, அப்போதே எழுதுங்கள்: நாள், இடம், என்ன மரம், கிளையின் பருமன், பட்டை இருந்ததா, வெயிலா நிழலா, கடைசி மழை எப்போது. வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று வைத்தால் எந்த உறை எந்தக் கிளை என்பது மறந்துபோகும். மரம் என்னவென்று தெரியாவிட்டால் "தெரியாது" என்று எழுதிவிட்டுப் பட்டையைப் படமெடுங்கள். ஊகித்து எழுதாதீர்கள்.

படம் குறைந்தது மூன்று: கிளையோடு சேர்ந்து ஒன்று, மேற்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. அடிப்பக்கப் படத்தில் அளவு தெரிய ஒரு நாணயமோ அளவுகோலோ பக்கத்தில் வையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினப் படங்களைப் பகிரும் இணையதளங்களில் பதிவிடும்போதும் அடிப்பக்கப் படம் இருந்தால்தான் தெரிந்தவர்கள் உறுதி செய்வார்கள்.

மாதிரியை நிழலில் நன்றாகக் காயவைத்து, காகித உறையில் போடுங்கள். பூச்சி முட்டை ஒளிந்திருக்கும். காய்ந்த பிறகு உறையை இறுக்கமான டப்பாவில் வைத்து நாலைந்து நாள் ஃப்ரீசரில் போட்டு எடுத்தால் தொல்லை குறையும்.

உடம்பு விஷயம்

சாப்பிடலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. இதை உண்பவர்கள் உலகில் உண்டு. ஆனால் படத்தையும் கட்டுரையையும் நம்பி எந்தக் காட்டுக் காளானையும் வாயில் வைக்காதீர்கள். இதுவரை எழுதியது கண்ணுக்கும் லென்ஸுக்கும் மட்டும்.

ஸ்போர்த் தூளைப் பற்றி அதைவிடக் கவனமாகச் சொல்ல வேண்டும். இந்தப் பூஞ்சை, அரிதாக, மனிதரின் மூக்குப் பக்க அறைகளிலும் நுரையீரலிலும் தொற்று உண்டாக்கியதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். எனவே மூக்கருகே வைத்து மோந்து பார்க்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் மாதிரியை வீட்டுக்குக் கொண்டுவராமல் வெளியிலேயே பார்த்துவிட்டு வரலாம். மற்றவர்களும் ஸ்போர்ப் படிவு எடுக்கும் டம்ளரைப் படுக்கையறையில் வைக்காதீர்கள், கையைக் கழுவிக்கொள்ளுங்கள். குவியல் குவியலாகச் சேர்க்க வேண்டிய தேவையும் இல்லை. ஒரு கிளைக்கு ஒரு விசிறி போதும், மிச்சம் அங்கேயே இருக்கட்டும்.

நான் ஒரே ஒரு விசிறியை மட்டும் தீப்பெட்டியில் போட்டு, மேலே எடுத்த நாளை எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். யாராவது வீட்டுக்கு வந்து இதைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அதை எடுத்து ஈரக் காகிதத்தில் வைத்துவிடுவேன். பேசி முடிப்பதற்குள் உதடுகள் நிமிரத் தொடங்கியிருக்கும். பிறகு மறுபடி காயவைத்து, பெட்டியின் அடியில் அன்றைய நாளையும் குறித்து வைப்பேன். அடியில் இப்போது எழுத இடமில்லை; பக்கவாட்டில் ஆரம்பித்திருக்கிறேன்.